நரம்பு நார்க்கட்டி நோய் பற்றிய ஆய்வுகளின் போக்கைக் கணக்கெடுப்பது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஓசூர்ப் பக்கம் தாத்தா காலத்து நிலப் பத்திரத்தைத் தேடுகிறவர், அதில் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று எழுதியிருக்கும் என எதிர்பார்த்தால் ஏமாந்துபோவார். 1965 அக்டோபர் 2-க்கு முன் எழுதிய பத்திரத்தில் சேலம் மாவட்டம் என்றிருக்கும். அதற்குப் பின் 2004 பிப்ரவரி 9 வரை எழுதியவற்றில் தருமபுரி மாவட்டம் என்றிருக்கும். நிலம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, பெயர் மட்டும் இரண்டு முறை மாறியிருக்கிறது. நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்னும் பரம்பரை நரம்புக்கட்டி நோயைப் பற்றி உலகம் எழுதியவற்றைத் தேடித் தொகுக்கப் போகிறவருக்கும் இதே சிக்கல்தான் முதலில் எதிர்ப்படும். இந்த வழிகாட்டியில் நான் திரும்பத் திரும்ப வற்புறுத்தப்போவதும் அதையே: எண்ணத் தொடங்குவதற்கு முன் பெயரையும் பதிவேட்டையும் சரிபாருங்கள்.

நோயைப் பற்றித் தேவையான அளவு மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். இதில் முதல் வகை, சுருக்கமாக என்.எஃப்.1, ஏறத்தாழ 3,000 பிறப்புகளில் ஒருவருக்கு வருகிறது. 17-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு பழுதாவதால், செல்லுக்குள் ராஸ் என்னும் புரதத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் நியூரோஃபைப்ரோமின் குறைந்துபோகிறது. கடிவாளம் தளர்ந்த நிலையில் நரம்புகளைச் சுற்றிக் கட்டிகள் வளர்கின்றன. குழந்தைப் பருவத்தில் பால் கலந்த காப்பி நிறத்தில் தட்டையான திட்டுகளும், அக்குளிலும் தொடையிடுக்கிலும் பொட்டுப்பொட்டான புள்ளிகளும், பெரியவரானபின் தோலில் மெத்தென்ற முண்டுகளும் தோன்றும். நம் பக்கத்தில் இவற்றைக் கொழுப்புக் கட்டி என்றோ மரு என்றோ சொல்லிவிடுவது வழக்கம். இரண்டாம் வகைக்குக் காரணமான மரபணு 22-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதில் இரு காதுகளின் சமநிலை நரம்புகளிலும் கட்டி வருவதுதான் முக்கிய அடையாளம். இந்த வழிகாட்டி பெரும்பாலும் முதல் வகையையே பின்பற்றிச் செல்கிறது.

முதல் படி: கேள்வியைக் குறுக்கிக்கொள்ளுதல்

"நியூரோஃபைப்ரோமடோசிஸ் ஆய்வுகளின் போக்கு" என்பது தலைப்பாகலாம், கேள்வியாகாது. கேள்வி எங்கிருந்து வரவேண்டும் என்பதற்கு நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் பேருந்தில், கழுத்திலும் கைகளிலும் பட்டாணி அளவு முண்டுகள் நிறைந்த ஒருவர் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்து இடம் காலியாக இருக்க, ஏழெட்டுப் பேர் கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தார்கள். நடத்துநர் பயணச்சீட்டை அவர் கையில் கொடுக்காமல் முன்னிருக்கையின் மேல் வைத்துவிட்டு நகர்ந்தார். இந்நோய் ஒட்டாது என்பது அங்கே யாருக்கும் தெரியவில்லை. அந்த மனிதரைப் பொறுத்தவரை நோய் என்பது தோலில் உள்ள முண்டுதான். அப்படியானால், தோல் முண்டுகளைப் பற்றி எத்தனை ஆய்வுகள் நடந்திருக்கின்றன, உடலுக்குள் பின்னிப் படரும் பிளெக்ஸிஃபார்ம் கட்டிகளைப் பற்றி எத்தனை, இந்த விகிதம் எந்த ஆண்டுகளில் எப்படி மாறியது என்று கேட்கலாம். இது எண்ணக்கூடிய கேள்வி. விடை எப்படி வந்தாலும் பயனுள்ளது.

மாணவர்கள் அடிக்கடி முன்வைக்கும் இன்னொரு கேள்வி, அக்காள் மகளையோ மாமன் மகளையோ மணக்கும் நம் வழக்கத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றியது. இதைத் தேடி அலைய வேண்டாம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் மட்டுமே தலைகாட்டும் நோய்களில்தான் உறவுத் திருமணம் பெரிய காரணியாகிறது. என்.எஃப்.1-இல் ஒரே ஒரு பழுதான பிரதி போதும். அதிலும் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பெற்றோர் இருவருக்கும் நோயில்லாமல் புதிதாகவே மரபணு மாற்றம் நேர்கிறது. பொருளைப் புரிந்துகொள்ளாமல் எண்ண உட்கார்ந்தால் இல்லாத தொடர்பை எண்ணிக்கொண்டிருப்போம்.

இரண்டாம் படி: பெயர்ப் பட்டியல் தயாரித்தல்

இந்தப் படிக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். 1882-இல் ஜெர்மானிய நோய்க்குறியியலாளர் ஃப்ரீட்ரிஷ் டேனியல் ஃபான் ரெக்லிங்ஹவுசன், இந்தக் கட்டிகள் நரம்பிலிருந்தே வருகின்றன என்று விளக்கினார். அதிலிருந்து வெகுகாலம் வரை ரெக்லிங்ஹவுசன் நோய் என்பதே பெயர். பிறகு புற நரம்பு வகை, மைய நரம்பு வகை என்று பிரித்தார்கள். 1987-இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய கருத்தொருமைக் கூட்டத்தில் என்.எஃப்.1, என்.எஃப்.2 என்ற பெயர்கள் நிலைபெற்றன. 2022-இல் இரண்டாம் வகையின் பெயரே மாற்றப்பட்டு, என்.எஃப்.2 தொடர்பான ஷ்வானோமடோசிஸ் ஆனது. எனவே ஒரே ஒரு பெயரை வைத்துத் தேடுகிறவர், ஆய்வின் போக்கைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு பெயரின் போக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பழைய பெயரைச் சேர்த்தால் போதும் என்றும் விட்டுவிட முடியாது. அதே ரெக்லிங்ஹவுசன் 1891-இல் எலும்பு நோய் ஒன்றையும் விவரித்தார். பாராதைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்வதால் எலும்பு அரிக்கப்படும் அந்த நிலைக்கும் "எலும்பின் ரெக்லிங்ஹவுசன் நோய்" என்றே பெயர் விழுந்தது. அவர் பெயரை மட்டும் இட்டுத் தேடினால் சுரப்பியியல் கட்டுரைகள் வந்து கலந்துவிடும். அதேபோல என்.எஃப்.1 என்ற சுருக்கத்தை நியூக்ளியர் ஃபேக்டர் 1 என்னும் வேறொரு புரதக் குடும்பமும் வைத்திருக்கிறது. வெறும் என்.எஃப். என்று தேடினால் தசையழுகல் நோயான நெக்ரோடைசிங் ஃபேஷியைட்டிஸ், நீர் சுத்திகரிப்பில் வரும் நானோ வடிகட்டல் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் "யானை மனிதர்" என்று அறியப்பட்ட ஜோசஃப் மெரிக்கின் நோயையும் இதுவாகவே கருதினார்கள். 1986-இல்தான் அது புரோட்டியஸ் நோய்த்தொகுப்பாக இருக்கலாம் என்ற கருத்து வலுப்பெற்றது. அதற்கு முந்தைய கட்டுரைகளில் அந்தப் பெயரைக் காணும்போது தனியே குறித்து வையுங்கள்.

தேடல் தொடரை மூன்று அடுக்காக அமையுங்கள். முதல் அடுக்கில் எல்லாப் பெயர் வடிவங்களும் "ஆர்" என்னும் இணைப்புச் சொல்லால் சேரட்டும்; இரண்டாவதில் "நாட்" போட்டு எலும்பு நோயையும் நியூக்ளியர் ஃபேக்டரையும் விலக்குங்கள்; மூன்றாவதில் உங்கள் கேள்விக்குரிய சொற்கள், அதாவது தோல் கட்டி, பிளெக்ஸிஃபார்ம் கட்டி என்பவை, "அண்ட்" மூலம் சேரட்டும். தேடுபெட்டியில் இவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும், இணைப்புச் சொற்களைப் பெரிய எழுத்தில் இடவேண்டும். "நாட்" போடுவதில் கை தாராளமாக இருக்கக் கூடாது, ஏனெனில் என்.எஃப்.1 நோயாளிக்குப் பாராதைராய்டு கட்டியும் இருந்ததைச் சொல்லும் நல்ல கட்டுரை அதில் அடிபட்டுப் போகலாம். விலக்கப்பட்டவற்றில் ஐம்பதை எடுத்துத் தலைப்புகளைப் படித்துப் பார்த்துவிட்டே அடுத்த படிக்குப் போங்கள்.

மூன்றாம் படி: தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுத்தல்

நம் மாவட்டங்களில் இருந்து இதைச் செய்கிறவருக்குக் மருத்துவக் கட்டுரைகளின் கட்டணமில்லாத தரவுத்தளமான பப்மெட் தான் இயல்பான தொடக்கம். அதில் மெஷ் எனப்படும் பொருள் தலைப்புகளை வல்லுநர் சொற்பட்டியலின்படி இட்டிருப்பதால், ரெக்லிங்ஹவுசன் என்று எழுதியவரும் என்.எஃப்.1 என்று எழுதியவரும் ஒரே தலைப்பின் கீழ் வந்துவிடுகிறார்கள். ஆனால் பப்மெட்டின் மையப் பகுதியான மெட்லைன் பட்டியலில் இல்லாத இதழ்களின் கட்டுரைகளுக்கு மெஷ் தலைப்பு கிடையாது. ஆகவே மெஷ் தேடலையும் தலைப்பு, சுருக்கம் ஆகியவற்றில் சொல்லைத் தேடுவதையும் சேர்த்தே செய்ய வேண்டும். பப்மெட்டில் இல்லாத முக்கியமான ஒன்று, எந்தக் கட்டுரை எதை மேற்கோள் காட்டியது என்ற வலைப்பின்னலை இறக்கிக்கொள்ளும் வசதி. அதற்கு வெப் ஆஃப் சயன்ஸ், ஸ்கோபஸ் என்னும் சந்தாத் தளங்கள் இருக்கின்றன. சந்தா இல்லாதவர்கள் 2022-இல் தொடங்கிய ஓப்பன்அலெக்ஸைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

கட்டுரைகளை முழுதாகப் படிப்பது வேறு விஷயம். 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்தில் 30 பதிப்பகங்களின் 13,000-க்கும் மேற்பட்ட இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. உங்கள் கல்லூரி அதில் பதிவு பெற்றிருக்கிறதா என்று நூலகரிடம் முதலில் கேளுங்கள். இதழ்களைப் படிக்கும் இந்த ஏற்பாட்டை மேற்சொன்ன தரவுத்தளங்களின் சந்தாவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

நான்காம் படி: இறக்கிச் சேமித்தல்

பப்மெட் ஒரு தடவைக்கு 10,000 பதிவுகள் வரையே இறக்கித் தரும். தேடல் முடிவு அதைத் தாண்டினால் ஆண்டு வாரியாகத் துண்டுபோட்டு இறக்குங்கள். கோப்பின் பெயரிலேயே தேடிய தேதியை எழுதுங்கள். அதே தொடரை அடுத்த மாதம் இட்டால் எண்ணிக்கை மாறியிருக்கும். நடப்பு ஆண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பாதி ஆண்டுக்குரிய எண்ணிக்கையைப் போட்டுவிட்டு "சரிவு" என்று எழுதிய ஆய்வேடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: பதிவுகளைச் சுத்தம் செய்தல்

சலிப்பு தரும் வேலைதான், ஆனாலும் தமிழ்ப் பெயர்கள் விஷயத்தில் நம்மைவிட இதைச் சரியாகச் செய்யக்கூடியவர் யாருமில்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரின் முதலெழுத்தே முன்னால் நிற்கும். இதழ்களின் படிவமோ குடும்பப் பெயரை வற்புறுத்திக் கேட்கும். அதனால் செ. முருகன் என்பவர் ஓர் இதழில் "முருகன் எஸ்" ஆகவும், இன்னொன்றில் "செல்வம் எம்" ஆகவும், மூன்றாவதில் வெறும் "எஸ் எம்" ஆகவும் பதிவாகிவிடுகிறார். மென்பொருள் இவர்களை மூன்று பேராக எண்ணும். அதே சமயம் நாட்டில் உள்ள எல்லா முருகன் எஸ்களையும் ஒருவராகச் சேர்த்து, அசகாய சூரர் ஒருவரையும் படைத்துவிடும். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தரப்படும், 2012-இல் வந்த ஆர்கிட் எண் இருந்தால் அதை வைத்துப் பிரிக்கலாம். இல்லாவிட்டால் பணியிடம், இணையாசிரியர்கள், துறை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுக் கையால் பிரிக்க வேண்டியதுதான்.

முகவரிகளிலும் இதே தொல்லை உண்டு. தருமபுரி என்று தேடினால் தெலங்கானாவில் கோதாவரிக் கரையில் உள்ள தர்மபுரியும் வரும், அந்த ஊர்ப்பெயரையே குடும்பப் பெயராகக் கொண்ட தெலுங்கு ஆசிரியர்களும் வருவார்கள். கிருஷ்ணகிரி என்றால் வயநாட்டில் உள்ள ஊரும் சேரும். ஓசூரிலிருந்து 2004-க்கு முன் எழுதியவர் தம் முகவரியில் தருமபுரி மாவட்டம் என்றே போட்டிருப்பார். ஆகவே மாவட்டப் பெயரோடு ஓசூர், அரூர், பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரை என்று ஊர்ப்பெயர்களையும் சேர்த்தே தேட வேண்டும். சொற்பட்டியலுக்கு, எட்டாம் படியில் வரைபடம் வரையப் பயன்படும் வாஸ்வியூவர் மென்பொருளில் ஒரு வசதி இருக்கிறது: இரண்டு நெடுவரிசைகள் கொண்ட உரைக்கோப்பு ஒன்றைத் தயாரித்து, இடப்பக்கம் திரிந்த வடிவத்தையும் வலப்பக்கம் நிலையான வடிவத்தையும் எழுதிக் கொடுத்தால் அது தானே மாற்றிக்கொள்ளும்.

ஆறாம் படி: ஆண்டுக் கோட்டை வரைந்து, அதைச் சந்தேகித்தல்

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் முதன்முதலில் வெப் ஆஃப் சயன்ஸ் தரவை வைத்து ஆண்டு வாரியான கோட்டை வரைந்தபோது, அதுவரை தரையோடு தரையாக வந்த கோடு 1991-இல் நெட்டுக்குத்தாக எழுந்தது. என்.எஃப்.1 மரபணுவைப் பிரித்தெடுத்த ஆண்டு 1990. காரணம் கையில் கிடைத்த மகிழ்ச்சியில், மரபணுக் கண்டுபிடிப்பின் மறு ஆண்டே ஆய்வுகள் பெருகின என்று ஒரு பத்தி எழுதி, அதற்கு அம்புக்குறியும் போட்டுவிட்டேன். அதைப் படித்த மூத்த நூலகர் ஒருவர் எதிர்வாதம் எதுவும் சொல்லாமல், "காசநோய்க்கும் இதே கோட்டைப் போட்டுப் பாருங்கள் தம்பி" என்றார். போட்டேன். காசநோயும் 1991-இல் எழுந்தது. மண் அரிப்பு என்று போட்டேன், அதுவும் எழுந்தது. அந்தத் தரவுத்தளம் கட்டுரைச் சுருக்கங்களையும் ஆசிரியர் தரும் குறிச்சொற்களையும் சேர்க்கத் தொடங்கியதே 1991-இல்தான். அதுவரை தலைப்பில் மட்டும் தேடிக்கொண்டிருந்த பொறி, அந்த ஆண்டு முதல் சுருக்கத்திலும் தேடத் தொடங்கியிருக்கிறது. அம்புக்குறியை அழித்தேன்.

பப்மெட்டிலும் இப்படிப்பட்ட படிக்கட்டுகள் இருக்கின்றன. அதில் சுருக்கங்கள் வரத் தொடங்கியது 1975 முதல். ஆசிரியரின் பணியிட முகவரி 1988 முதல் பதிவாகிறது, அதுவும் முதலாசிரியருக்கு மட்டும். எல்லா ஆசிரியர்களின் முகவரியும் முறையாக ஏறத் தொடங்கியது 2014 வாக்கில்தான். எனவே "2014-க்குப் பிறகு இந்தியாவின் பன்னாட்டுக் கூட்டாய்வுகள் திடீரெனப் பெருகின" என்று பப்மெட்டை வைத்துச் சொல்வது, கணக்கெடுக்க வந்தவர் அந்த ஆண்டுதான் எல்லா வீட்டுக் கதவையும் தட்டினார் என்பதை மறந்துவிட்டுச் சொல்வதாகும். ஆசிரியர் தரும் குறிச்சொற்களும் 2013 முதலே பப்மெட்டில் சேர்கின்றன.

இந்த மாயங்களிலிருந்து தப்ப மூன்று சோதனைகளைச் செய்யுங்கள். முதலாவது, தலைப்பில் மட்டும் தேடி இன்னொரு கோடு வரைவது. பதிவேட்டு விதி மாறினாலும் தலைப்பு எப்போதும் இருந்திருக்கிறது என்பதால் இந்தக் கோடு நம்பகமானது. இரண்டாவது, அந்தந்த ஆண்டில் தரவுத்தளத்தில் சேர்ந்த மொத்தக் கட்டுரைகளால் உங்கள் எண்ணிக்கையை வகுப்பது. இப்போதெல்லாம் பப்மெட்டில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் சேர்கின்றன. எல்லாத் துறைகளும் வளரும்போது இந்தத் துறையும் வளர்ந்தது என்பது செய்தியாகாது, மற்றவற்றைவிட வேகமாக வளர்ந்ததா என்பதே கேள்வி. மூன்றாவது, கட்டுரை வகையைப் பிரிப்பது. ஒரே நோயாளியைப் பற்றிய அறிக்கை, மறுஆய்வு, சோதனைக்கூட ஆய்வு, மருத்துவச் சோதனை ஆகிய நான்குக்கும் நான்கு கோடுகள் வேண்டும். நம் நாட்டிலிருந்து வரும் பதிவுகளில் தனி நோயாளி அறிக்கைகள் கணிசமாக இருப்பதைப் பிரித்தவுடனே கண்டுகொள்வீர்கள். அவற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை, ஆனால் 20 தனி அறிக்கைகளையும் 20 மருத்துவச் சோதனைகளையும் ஒரே கோட்டில் 40 என்று கூட்டக் கூடாது.

ஏழாம் படி: மேடுகளுக்கு அடியில் என்ன நடந்தது என்று பார்த்தல்

சோதனைகளைத் தாண்டியும் நிலைத்து நிற்கும் மேடுகளுக்குத்தான் வரலாற்றுக் காரணம் தேட வேண்டும். இதற்காக ஒரு கால அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1937-இல் லிஷ் என்ற ஆஸ்திரியக் கண் மருத்துவர் கண்ணின் நிறமுள்ள பகுதியான கருவிழித் திரையில் (ஐரிஸ்) காணப்படும் சிறு முடிச்சுகளை இந்நோயோடு இணைத்தார். 1956-இல் மிச்சிகனைச் சேர்ந்த குரோவ், ஷல், நீல் மூவரும் வெளியிட்ட நூல், காப்பி நிறத் திட்டுகள் ஆறு இருந்தால் நோயைச் சந்தேகிக்கலாம் என்ற அளவுகோலைத் தந்தது. 1987-இல் மரபணு 17-ஆம் குரோமோசோமில் இருப்பது தெரிந்தது. அதே ஆண்டுக் கூட்டத்தில் நோயறி விதிகள் வகுக்கப்பட்டு 1988-இல் வெளியாயின. 1990-இல் மிச்சிகனில் பிரான்சிஸ் காலின்ஸ் குழுவும் யூட்டாவில் ரே ஒயிட் குழுவும் மரபணுவைப் பிரித்தெடுத்தன. 1993-இல் இரண்டாம் வகையின் மரபணு கிடைத்தது. 1996 முதல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் மருத்துவ ஆய்வுத் திட்டத்தில் இந்நோய்க்கென்று தனி நிதி ஒதுக்கப்படுகிறது. ராணுவ நிதியில் தோல் முண்டு ஆய்வா என்று வியப்பவர்கள் கட்டுரைகளின் அடியில் உள்ள நன்றியுரையைப் படித்துப் பார்க்கலாம்.

நோயறி விதிகள் வெளியான பிறகு நோயாளி அறிக்கைகளின் தன்மையே மாறியது. அதற்கு முன் ஒவ்வொரு மருத்துவரும் தமக்குத் தோன்றியபடி நோயை வரையறுத்தார். அதன் பின் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதில் ஒத்த முடிவு ஏற்பட்டது. 2007-இல் ஸ்ப்ரெட்1 என்ற வேறொரு மரபணுவின் பழுதாலும் காப்பி நிறத் திட்டுகள் வரும், ஆனால் கட்டிகள் வரமாட்டா என்று தெரிந்தது. லீஜியஸ் நோய்த்தொகுப்பு என்று அது தனியே பிரிந்தது. ஆகவே 2007-க்கு முந்தைய "லேசான என்.எஃப்.1 குடும்பங்கள்" சிலவற்றில் இருந்தது வேறு நோயாகவே இருக்கலாம். 2021-இல் விதிகள் திருத்தப்பட்டு மரபணுச் சோதனையும் அளவுகோலாகச் சேர்ந்தது. விதி திருத்தப்படும் ஒவ்வொரு தடவையும் சொற்களும் திருத்தப்படுகின்றன, குறிச்சொற்களின் எண்ணிக்கையும் அதோடு ஆடும்.

மருந்துப் பக்கம் போனால் கதை இன்னும் சுவையானது. ராஸ் பாதையில் கீழே உள்ள மெக் என்னும் நொதியைத் தடுத்தால் கட்டி சுருங்குமா என்ற கேள்வி எலிகளில் 2013 வாக்கில் விடை கண்டது. 2016-இல் 24 குழந்தைகளிடம் செலுமெட்டினிப் என்னும் மெக் தடுப்பி மருந்தின் முதற்கட்ட முடிவுகள் வந்தன. 2020-இல் வெளியான அடுத்த கட்டச் சோதனையில், அறுவை செய்ய முடியாத பிளெக்ஸிஃபார்ம் கட்டி உள்ள 50 குழந்தைகளில் 35 பேருக்குக் கட்டியின் கன அளவு 20 விழுக்காடாவது சுருங்கி, அந்தச் சுருக்கம் மறு அளவீட்டிலும் உறுதியானது. அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2025 பிப்ரவரியில் மிர்டாமெட்டினிப் என்னும் இன்னொரு மெக் தடுப்பி, குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் சேர்த்து அனுமதி பெற்றது. இந்தப் பத்தாண்டுகளில் "மெக் தடுப்பி", "கன அளவு எம்.ஆர்.ஐ." ஆகிய சொற்கள் சேர்ந்தே ஏறுவதைக் காண்பீர்கள். கொடிபோல் கோணல்மாணலாகப் படரும் கட்டியை நீள அகலத்தால் அளக்க முடியாது என்பதால், மருந்து வேலை செய்ததை மெய்ப்பிக்கவே புதிய அளவுமுறை தேவைப்பட்டது. இரண்டு சொற்கள் சேர்ந்து ஏறினால், அவற்றை இணைக்கும் தேவை எது என்று கேளுங்கள்.

மரபணு சிகிச்சை பற்றிய கட்டுரைகள் மெதுவாக ஏறுவதற்கும் இப்படி ஓர் உடல்சார்ந்த காரணம் உண்டு. நியூரோஃபைப்ரோமினைக் குறிக்கும் டி.என்.ஏ. வரிசையே ஏறத்தாழ 8,500 எழுத்துகள் நீளமுடையது. மரபணுவைச் சுமந்து செல்லப் பயன்படும் ஏ.ஏ.வி. வைரஸால் ஏறத்தாழ 4,700 எழுத்துகளைத்தான் ஏற்றிச் செல்ல முடியும்.

எட்டாம் படி: சொற்களின் வரைபடம்

நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் உருவான வாஸ்வியூவர் இலவசமானது. கல்லூரிக் கணினியிலேயே ஓடும். எந்த இரண்டு சொற்கள் ஒரே கட்டுரையில் சேர்ந்து வருகின்றன என்று எண்ணி, அடிக்கடி சேர்கிறவற்றை அருகருகே வைத்து நிறம் பூசித் தருவதுதான் அதன் வேலை. பப்மெட் கோப்பிலிருந்து சொற்களின் சேர்க்கையையும் ஆசிரியர்களின் கூட்டையும் வரையலாம். மேற்கோள் வரைபடத்துக்கு வேறு தளத்தின் கோப்பு வேண்டும். ஒரு சொல் எத்தனை தடவை வந்தால் வரைபடத்தில் இடம்பெறும் என்ற வரம்பை 5, 10, 20 என மாற்றிப் பாருங்கள். மூன்றிலும் தாக்குப்பிடிக்கும் குழுக்களைப் பற்றி மட்டும் எழுதுங்கள். "மனிதர்", "பெண்", "ஆண்", "குழந்தை" போன்ற மெஷ் சொற்களை முன்கூட்டியே நீக்காவிட்டால் அவையே நடுவில் பெரிய வட்டங்களாக உட்கார்ந்துகொண்டு, இந்நோய் மனிதருக்கு வருவது என்ற அரிய உண்மையைத் தெரிவிக்கும்.

ஒன்பதாம் படி: மேற்கோள் எண்ணிக்கையைக் கையாளுதல்

இப்படிப்பட்ட எண்ணும் கலைக்கு நம்மவர் ஒருவரும் பெயரிட முயன்றிருக்கிறார் என்பதை இடைக்குறிப்பாகச் சொல்லலாம். சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1948-இல் இங்கிலாந்தில் நடந்த மாநாட்டில் "லைப்ரமெட்ரி" என்ற சொல்லை முன்வைத்தார். இன்று வழங்கும் "பிப்ளியோமெட்ரிக்ஸ்" என்ற சொல் 1969-இல்தான் பரவியது.

மேற்கோள் அதிகம் பெற்ற கட்டுரை சரியான கட்டுரை என்று எண்ணிவிடாதீர்கள். இந்நோயிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. என்.எஃப்.1 உள்ள குழந்தைகளுக்குக் கற்றல் சிரமம் பரவலாக உண்டு. 2005-இல் லோவாஸ்டாட்டின் என்னும் கொழுப்புக் குறைப்பு மருந்து, இதே மரபணுக் குறை உள்ள எலிகளின் கற்றலைச் சீராக்கியதாகக் கட்டுரை வந்தது. பெரிய நம்பிக்கை பிறந்தது. 2008-இலும் 2013-இலும் சிம்வாஸ்டாட்டின், 2016-இல் லோவாஸ்டாட்டின் எனக் குழந்தைகளிடம் நடத்திய கட்டுப்பாட்டுச் சோதனைகள் எதிர்பார்த்த பயனைக் காட்டவில்லை. மேற்கோள் எண்ணிக்கையில் பார்த்தால் 2005 கட்டுரை வலுவாகவே நிற்கும், ஏனென்றால் மறுத்தவர்களும் அதைச் சுட்டியே மறுக்க வேண்டியிருந்தது. கிருஷ்ணகிரி மாந்தோப்புக்காரர் பூவைப் பார்த்து விலை பேசமாட்டார், பிஞ்சு நின்றபிறகே பேசுவார். எனவே அதிகம் மேற்கோளான முதல் 20 கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் பிற்காலச் சோதனைகள் உறுதி செய்தனவா, மறுத்தனவா, தொடவே இல்லையா என்று அட்டவணையில் ஒரு நெடுவரிசையைச் சேர்த்து நிரப்புங்கள். எந்த மென்பொருளும் இந்த நெடுவரிசையை நிரப்பித் தராது.

பத்தாம் படி: எழுதுதல்

முறையியல் பகுதியில் தேடல் தொடரை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் முழுதாகக் கொடுங்கள். தேடிய தேதி, தளம், விலக்கிய பதிவுகளின் எண்ணிக்கை, விலக்கியதற்கான காரணம், இரண்டு பேர் தனித்தனியே சரிபார்த்தார்களா என்பது எல்லாம் அங்கேயே வரவேண்டும். முடிவுகளில் "அதிகரித்தது" என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும், எதோடு ஒப்பிட்டு, எந்தக் கோட்டின்படி என்று சேருங்கள். பேருந்தில் கண்ட அந்த மனிதரிடமிருந்து வந்த முதல் கேள்விக்கான விடையை, தோல் கட்டி, பிளெக்ஸிஃபார்ம் கட்டி என்ற இரண்டு கோடுகளாக ஒரே படத்தில் போடுங்கள். மருத்துவச் சோதனைகளை மட்டும் வைத்து அதே படத்தை இன்னொரு முறையும் போடுங்கள். தோலில் தடவும் மெக் தடுப்பிக் களிம்புகள் சோதனைக்கு வந்துவிட்டதால் இரண்டாவது படம் இனிவரும் ஆண்டுகளில் மாறக்கூடும். அதே தேடல் தொடரை ஆண்டுக்கொரு முறை, அதே மாதத்தில் ஓட்டிப் பார்ப்பதற்குக் கோப்புகளைத் தேதியோடு பத்திரமாக வைத்திருங்கள்.